ஆறும்போது நடப்பது

காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கோடை வந்துவிட்டால் தெருக்குழாயடிக்கு முதலில் வந்து சேர்வது ஆட்கள் அல்ல, குடங்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காட்டுவேலைக்குப் போய்விடுவார்கள். பச்சை, சிவப்பு, நீலம், ஊதா என்று அந்த வரிசை காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலில் காயும். எங்கள் குடத்துக்கு அடையாளமாக அம்மா அதன் கழுத்தில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டியிருப்பார். இரண்டு மூன்று கோடை தாண்டினால் குடத்தின் மேல்வளைவில் நிறம் மங்கும். விரலால் தேய்த்தால் வெள்ளைப்பொடி ஒட்டும். பிறகு ஒருநாள் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றும் நேரத்தில், எந்த அடியும் படாமலே அது விரிந்துபோகும். ஒரு குடம் தண்ணீர் மண்ணில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் ஊரில் சின்ன இழப்பு அல்ல. "வெயிலு தின்னுருச்சு" என்பார் அம்மா.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குப் பிடிபட ரொம்ப வருஷம் ஆயிற்று. அதற்கான முதல் நுனி கிடைத்தது வகுப்பறையில் அல்ல, பழைய இரும்புக் கடையில்.

விரிந்த குடம் வீட்டு மூலையில் கிடக்கும். சைக்கிளில் வருபவர் எடை போட்டு வாங்கிப் போவார். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிய குரல்களோடு எப்போதோ பிளாஸ்டிக்கும் சேர்ந்துகொண்டது. பழத்தின் இடத்துக்கு வெங்காயமும் பூண்டும் வந்தன. கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம், அருப்புக்கோட்டைச் சாலையோரம் இருந்த அப்படி ஒரு கடையில் பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றேன். கடைக்காரர் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைக் குவியல் குவியலாகப் பிரித்து எறிந்துகொண்டிருந்தார். சந்தேகம் வந்தால் துண்டைச் சிமெண்டுத் தரையில் தட்டி ஒலி கேட்பார். நகத்தால் கீறுவார். அதற்கும் பிடிபடாவிட்டால் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டி, அணைத்து, முகர்ந்து பார்ப்பார். மெழுகுவத்தி அணைந்த வாசனை அடித்தால் அதற்கு ஒரு குவியல்.

"எல்லாத்தையும் உருக்கத்தானே போறாங்க அண்ணாச்சி, எதுக்கு இம்புட்டு மெனக்கெட்டுப் பிரிக்கிறீங்க?"

"உருகுறப்ப எல்லாம் ஒண்ணுதான் தம்பி. ஆறுனாத்தான் சங்கதி தெரியும். ரெண்டு சாதியையும் சேத்து உருக்குனா, ஆறுனப்புறம் கையில எடுத்து வளைச்சாலே படக்குன்னு உடையும்."

இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பதிலின் பின்னால் போகிறது.

அவர் பிரித்து வைத்த இரண்டு பெரிய குவியல்கள் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும். பால் உறை, கேரி பேக், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் முதல் இனம். நாற்காலி, பின்னிய உரச்சாக்கு எல்லாம் இரண்டாவது. குடம் இரண்டிலும் வரும். வேதியியல் கண்ணுக்கு இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் கரியையும் ஹைட்ரஜனையும் தவிர வேறு தனிமம் கிடையாது. பாலிஎத்திலீன் என்பது ஆயிரக்கணக்கான கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கரியிலும் இரண்டு ஹைட்ரஜன். பாலிபுரொப்பிலீனும் அதே சங்கிலிதான், ஒன்றுவிட்டு ஒரு கரியில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒரு சிறு கரிக்கிளை துருத்திக்கொண்டிருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். முதலாவது இங்கிலாந்தின் வின்னிங்டனில் 1933 மார்ச் 27 அன்று, எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் வேறொன்றுக்காகச் செய்த உயரழுத்தச் சோதனையின் முடிவில் வெள்ளை மெழுகாகக் கிடைத்தது. இரண்டாவதை ஒழுங்கான சங்கிலியாகக் கட்டிக் காட்டியவர் இத்தாலியின் ஜூலியோ நத்தா, 1954-ல். அதற்கு வழிதிறந்த வினையூக்கியை முந்தைய ஆண்டு கண்டவர் ஜெர்மனியின் கார்ல் சீக்லர். இருவரும் 1963-ன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தும் ஏன் சேரவில்லை?

மதுரைப் பூச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி உதிரி மல்லியையும் ஒரு படி உதிரிக் கனகாம்பரத்தையும் கூடையில் கொட்டிக் குலுக்கினால் தாமாகக் கலந்துவிடும். ஒவ்வொரு பூவும் கூடையில் எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கலந்து கிடக்கும் விதங்கள் கோடி கோடி, பிரிந்து கிடக்கும் விதங்கள் சொற்பம். தண்ணீரில் சர்க்கரை கரைவதிலும் இந்தச் சுதந்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இப்போது அதே பூக்களை ஆயிரம் ஆயிரமாகச் சரம் தொடுத்துவிட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒரு பூ அசைய வேண்டுமானால் பக்கத்துப் பூவையும் இழுத்துக்கொண்டுதான் அசையும். கலப்பதால் கிடைக்கும் சுதந்திரம் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் இரண்டு சரங்களுக்கிடையே மிகச் சிறிய ஒவ்வாமை இருந்தாலும் போதும், மல்லி மல்லியோடும் கனகாம்பரம் கனகாம்பரத்தோடும் ஒதுங்கிவிடும். பால் ஃப்ளோரி, மாரிஸ் ஹக்கின்ஸ் இருவரும் தனித்தனியே 1940-களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் கலப்பது அபூர்வம், பிரிந்து நிற்பதே வழக்கம்.

ஆகவே அண்ணாச்சி சொன்ன "உருகுறப்ப எல்லாம் ஒண்ணு" என்பது கண்ணுக்குத் தெரியும் உண்மை. உருக்கும் எந்திரத்தின் திருகு கலக்கக் கலக்க, ஒரு பிளாஸ்டிக்குக்குள் மற்றது நுண்துளிகளாக உடைந்து, கடைந்த மோருக்குள் வெண்ணெய்த் துகள் மிதப்பதுபோல் மிதக்கும். சூடாக இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் அறிவியலின் மையம். பிரிவு கெட்டிப்படுவது ஆறும்போது. ஏனென்றால் ஆறும்போது இந்த இரண்டும் படிகமாகின்றன.

பிளாஸ்டிக்கில் படிகமா என்று கேட்கத் தோன்றும். படிகம் என்றால் உப்பு, கற்கண்டு. எங்கள் வறண்ட சீமையில் பனையிலிருந்து இரண்டு பொருள்கள் வரும். பதநீரைக் காய்ச்சி, பாகு கெட்டிப்பட்டதும் சிரட்டையில் ஊற்றினால் சீக்கிரமே இறுகிக் கருப்பட்டியாகும். பாகை அந்த அளவுக்கு இறுக விடாமல் இறக்கி, பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டால் நூலைப் பற்றிக்கொண்டு பனங்கற்கண்டு விளையும். ஒரே பதநீர்தான். அவசரமாக இறுகியதில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. பொறுமையாக ஆறியதில் கை நகம் அளவுக்குப் பட்டை தீட்டியதுபோல் நிற்கும். ஆறும் வேகம் படிகத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக்குக்கும் இதே விதி பொருந்தும். ஆனால் சர்க்கரை மூலக்கூறு சின்னது, செங்கல்போல் அடுக்கலாம். ஆயிரக்கணக்கான கண்ணிகள் உள்ள சங்கிலியை எப்படி அடுக்குவது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. 1957-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெல்லர் பாலிஎத்திலீனைச் சூடான சைலீன் கரைப்பானில் மிக நீர்த்த அளவில் கரைத்து மெதுவாக ஆறவிட்டார். தனித்தனிப் படிகங்கள் விளைந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றும் சாய்சதுர வடிவச் சிறு தகடு. தகட்டின் தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர். எலக்ட்ரான் கதிர் சிதறும் விதத்தைப் பார்த்தால் சங்கிலிகள் தகட்டில் படுத்திருக்கவில்லை, தகட்டுக்குச் செங்குத்தாக நின்றன. இங்கேதான் சிக்கல். மூலக்கூறு எடை ஒரு லட்சம் உள்ள ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணிக்கு 14 என்று வகுத்தால் ஏழாயிரத்துச் சொச்சம் கண்ணிகள். நிமிர்த்தி இழுத்தால் சுமார் 900 நானோமீட்டர் நீளம் வரும். 900 நீளச் சங்கிலி 10 தடிமன் உள்ள தகட்டுக்குள் செங்குத்தாக நிற்க வேண்டுமானால் வழி ஒன்றுதான்: அது மேலே போய் மடங்கி, கீழே வந்து மடங்கி, மறுபடி மேலே போக வேண்டும், ஏறத்தாழ தொண்ணூறு தடவை. அருப்புக்கோட்டையில் நூலைச் சிட்டத்தில் சுற்றிக் கழியாக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கடினமில்லை. அதே ஆண்டில் மைன்ஸ் நகரின் எர்ஹார்ட் ஃபிஷரும், டூபாண்ட் நிறுவனத்தின் டில்லும் தனித்தனியே இப்படிப்பட்ட படிகங்களை வளர்த்துக் காட்டினார்கள். மடங்கும் சங்கிலி பக்கத்து இடத்திலேயே திரும்பி நுழைகிறதா, எங்கோ தள்ளிப் போய் நுழைகிறதா என்பதில் கெல்லர் தரப்பும் ஃப்ளோரி தரப்பும் இருபது வருஷத்துக்கு மேல் கடுமையாக வாதாடினார்கள். மடிப்பு உண்டு என்பதில் சண்டை இல்லை.

உருகிய நிலையிலிருந்து ஆறும்போது இந்த ஒழுங்கு இன்னும் அரைகுறையாகத்தான் அமையும். சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் ஒரு பகுதி தகடாக அடுக்கிக்கொள்ளும், மீதி ஒழுங்கில்லாமல் தகடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்ளும். கிளை அதிகமுள்ள மென்மையான பாலிஎத்திலீனில் பாதிக்குக் கீழேதான் படிகம். கிளையில்லாத கெட்டிப் பாலிஎத்திலீனில் அது முக்கால் பங்கைத் தொடும். ஒரே சங்கிலியின் ஒரு முனை ஒரு தகட்டிலும் மறுமுனை பக்கத்துத் தகட்டிலும் மாட்டிக்கொள்வது உண்டு. இந்தப் பாலச் சங்கிலிகள்தான் பிளாஸ்டிக்கின் உயிர். தகடு விறைப்பைத் தருகிறது. தகட்டையும் தகட்டையும் பிடித்து வைத்து, இழுத்தால் உடையாமல் நீளச் செய்வது இந்தப் பாலங்கள்.

ஒரு பால் உறையிலிருந்து விரலகல நாடா வெட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் எதிர்க்கும். பிறகு ஓரிடத்தில் இடுப்புபோல் ஒடுங்கி, அந்த ஒடுக்கம் இரு பக்கமும் பரவிக்கொண்டே போகும். உங்கள் விரல்களுக்கு நடுவே, மடித்து வைத்த சங்கிலிகள் தகட்டிலிருந்து கட்டுக் கட்டாக உருவப்பட்டு நிமிர்கின்றன. கெல்லரின் கண்டுபிடிப்பை வீட்டிலேயே கையால் தொடக்கூடிய இடம் இது.

இனி இரண்டு பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஆறும் காட்சிக்கு வரலாம். சூடேற்றும் மேடை வைத்த நுண்ணோக்கியில், ஒளியை இரண்டு முனைவாக்கத் தகடுகள் வழியே செலுத்திப் பார்த்தால் உருகிய கலவை முழுக் கறுப்பாகத் தெரியும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுவது. கேரி பேக்கின் மெல்லிய பாலிஎத்திலீன் 110-ஐ ஒட்டி. ஆறவிட்டால் பாலிபுரொப்பிலீன் முந்திக்கொள்ளும். 120-க்கு இறங்கும்போது கறுப்பில் அங்கங்கே புள்ளிகள் மின்னும். தூசியோ வினையூக்கி மிச்சமோ ஏதோ ஒன்று வித்தாகி, அதைச் சுற்றித் தகடுகள் எல்லாத் திசையிலும் கதிர்போல் வளரும். ஒவ்வொரு புள்ளியும் வட்டமாகப் பெருகும்; ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு கறுப்புச் சிலுவை. கோளப்படிகம் என்று இதைச் சொல்கிறோம். முதல்முறை பார்த்தபோது மார்கழி விடியலில் தெருவில் வீட்டுக்கு வீடு கோலம் விரிவது என் நினைவுக்கு வந்தது. வட்டங்கள் ஒன்றையொன்று முட்டி நேர்கோட்டில் நிற்கும்வரை வளர்ச்சி ஓயாது.

வளரும் வட்டத்தின் முன்விளிம்பில் பாலிஎத்திலீன் துளிகள் இன்னும் திரவமாக நிற்கின்றன. விளிம்பு சில துளிகளைத் தள்ளிக்கொண்டு போகும், சிலவற்றை விழுங்கிவிடும். பிறகு வெப்பநிலை 100-க்குக் கீழே இறங்கும்போதுதான் அந்தத் துளிகளின் முறை வரும். ஏற்கெனவே இறுகிவிட்ட சுவருக்குள் அவை படிகமாகத் தொடங்குகின்றன. படிகமான பாலிஎத்திலீனின் அடர்த்தி 1.00, ஒழுங்கற்றதன் அடர்த்தி 0.855, எவ்வளவு சங்கிலி ஒழுங்குக்கு வருகிறதோ அவ்வளவு இடம் சுருங்கும். துளி சுருங்கிச் சுவரைவிட்டு விலகப் பார்க்கிறது. சுவரில் பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு கையும் இல்லை. ஒன்றின் படிகத்துக்குள் மற்றதன் சங்கிலி நுழையவே முடியாது. பாலிஎத்திலீன் சங்கிலி படிகத்தில் தட்டையான வளைவுநெளிவாக நிற்கும். பாலிபுரொப்பிலீனோ துருத்தும் கிளைகள் இடித்துக்கொள்ளாமலிருக்க மூன்று புரொப்பிலீன் அலகுக்கு ஒரு சுற்று என்று திருகுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும். நேர்க்கம்பிக் கட்டுக்குள் திருகாணியைச் சொருக முடியாது. ஆக இரண்டுக்கும் நடுவே பாலச் சங்கிலியே இல்லாத எல்லைகள் பொருள் முழுவதும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வளைத்தால் ஓர் எல்லை திறக்கும், பக்கத்து எல்லைக்குத் தாவும். அண்ணாச்சி சொன்ன "படக்" அதுதான்.

கலப்பு என்றாலே கேடு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சற்றுமுன் நீங்கள் இழுத்த பால் உறையே ஒரு கலப்புதான். அதில் நீண்ட கிளைகள் கொண்ட பாலிஎத்திலீனும், குட்டைக் கிளைகள் மட்டுமே கொண்ட நேர்ச்சங்கிலிப் பாலிஎத்திலீனும் சேர்ந்திருக்கும். உருகிய பிளாஸ்டிக்கைக் குமிழாக ஊதிப் படலமாக்கும்போது குமிழ் ஆடாமல் நிற்க முதலாவது வேண்டும். உறை கிழியாமலும் துளைபடாமலும் இருக்க இரண்டாவது வேண்டும். ஆறும்போது இங்கும் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். ஆனால் இரண்டின் சங்கிலியும் ஒரே நெளிவு. முதலில் எழுந்த தகடுகளின் இடுக்கில் பிந்தியவை தகடாகின்றன. சில சங்கிலிகள் ஒரே தகட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பாலங்கள் எல்லை தாண்டிப் போகின்றன. ஆறும் வேகமும் இதில் ஒரு கட்சி: சட்டென்று குளிர்வித்தால் பிரிய நேரம் கிடைக்காமல் கூட்டுப் படிகம் கூடுகிறது, நிதானமாக விட்டால் தனித்தனி அடுக்கு கூடுகிறது. ஆய்வகத்தில் இதைச் சில மில்லிகிராம் துண்டை வைத்தே பார்த்துவிடலாம். துண்டு ஒரு சிறு தட்டில், பக்கத்தில் ஒரு வெற்றுத் தட்டு. இரண்டையும் ஒரே சீராகச் சூடேற்றி, துண்டு இருக்கும் தட்டு கூடுதலாக எவ்வளவு வெப்பம் கேட்கிறது என்று அளக்கும் கருவி. ஒவ்வொரு வகைப் படிகமும் உருகும் இடத்தில் வரைகோட்டில் ஒரு மேடு எழும். மறுசுழற்சிக் குருணையைப் போட்டால் 110-ஐ ஒட்டி ஒன்று, 130-ஐ ஒட்டி ஒன்று, 160-ஐ ஒட்டி ஒன்று என்று மேடுகள் வரிசையாக எழுந்து, எந்தக் கடையில் எவ்வளவு கவனமாகப் பிரித்தார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

வெயில் தின்ற குடத்துக்குத் திரும்புகிறேன். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலிகளை அறுக்கின்றன. ஆக்சிஜன் படிகத் தகட்டுக்குள் நுழைய இடமில்லை. ஒழுங்கற்ற பகுதிக்குள்தான் நுழையும். அறுபடுவதும் அங்கேதான், பாலங்கள் இருக்கும் இடத்தில். பாலிபுரொப்பிலீனில் கிளை பிரியும் கரி இன்னும் எளிதாகத் தாக்கப்படும். இதுவரை அம்மா சொன்ன பாதி. மீதிப் பாதி இது: சிக்கலிலிருந்து அறுந்து விடுபட்ட துண்டுச் சங்கிலிகள் சும்மா இருப்பதில்லை. உருக்க வேண்டாம், கோடை வெயிலின் சூடே போதும், பக்கத்திலிருக்கும் தகட்டின் ஓரத்தில் போய் ஒட்டி அவையும் படிகமாகின்றன. வருஷக்கணக்கில் குடத்தின் மேல்தோலில் படிகத்தின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. கூடக்கூடத் தோல் சுருங்குகிறது. வெயில் எட்டாத உட்புறம் சுருங்குவதில்லை. வற்றிய கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடிப்பது எதனால் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குடத்தின் தோலும் அப்படியே வெடிக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். வெளிறிப்போவதும் பொடி உதிர்வதும் அந்த வெடிப்புகளின் வேலை. நிறைகுடத்தின் பாரம் ஏறும்போது ஒரு வெடிப்பு உள்ளே ஓடுகிறது. வெயில் அறுத்தது, உடைத்தது படிகம். காட்டில் வருஷக்கணக்கில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய் கறுப்பாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கரிப்பொடி சேர்த்து, கதிர் உள்ளே போகாமல் மேலேயே தடுத்துவிடுகிறார்கள்.

விரிந்த குடங்களும், மடித்தெறிந்த பைகளும், பிரிக்கவே முடியாதபடி கலந்துபோன மெல்லிய பிளாஸ்டிக்கும் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊருக்கு அண்டையிலிருந்தே ஒரு பதில் வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மதுரை திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சாலையில் சேர்க்கும் முறையை உருவாக்கி, 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சாலையைப் போட்டுப் பார்த்தார். 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2013-ல் இந்தியச் சாலைப் பேராயம் இந்த முறைக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

செய்திகளில் இதைத் "தாரில் பிளாஸ்டிக்கைக் கலப்பது" என்று எழுதிவிடுவார்கள். முறையின் நுட்பமே அப்படிக் கலக்காததில்தான் இருக்கிறது. சூடான தாரில் பாலிஎத்திலீனைப் போட்டுக் கலக்கினால், கலக்கும்வரை பரவி நிற்கும். தாரின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்று அதிகம், பாலிஎத்திலீனின் அடர்த்தி குறைவு. கலக்குவதை நிறுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே ஏறும். ஆறினால் தாருக்கு இடமே இல்லாத தகடுகளாக அடுக்கிக்கொண்டு, பாலாடைபோல் மேலே கட்டியாகிவிடும். நாம் இதுவரை பார்த்த அதே கதை. தொட்டியில் சேமித்து வைத்து நாளைக்குப் பயன்படுத்துவது நடக்காது.

வாசுதேவனின் முறையில் முதலில் சூடாவது ஜல்லி. 160, 170 டிகிரிக்குச் சூடான கருங்கல் ஜல்லிமேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அரை நிமிஷம் போலப் புரட்டுவதற்குள் அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகுதான் தார். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டும் இந்தச் சூட்டில் உருகும், சிதையாது. பிவிசி மட்டும் சேர்க்கவே கூடாது. சூடுபட்டால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடும். தாரின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை பிளாஸ்டிக் போகிறது, 3.75 மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்பது வழக்கமான கணக்கு. இங்கே பிளாஸ்டிக் மிதந்து ஒதுங்க இடமே இல்லை. பிரிவதற்கு முன்பே அது கல்லில் பிடிபட்டுவிடுகிறது. கல்லின் நுண்துளைகளை அடைப்பதால் தண்ணீர் புகுந்து தாரை உரிப்பதும் குறைகிறது.

படிகம் இங்கே பகை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நம் சாலைகளில் அதிகம் பயன்படும் விஜி-30 வகைத் தாரின் இளகுநிலைக்கு விதி வைத்திருக்கும் குறைந்தபட்ச எல்லை 47 டிகிரி. சித்திரை மாத நடுப்பகலில் கரிசல் நடுவே ஓடும் சாலையின் மேற்பரப்பு 60-ஐத் தொடும். வண்டித் தடம் பதிவது அப்போதுதான். அந்தச் சூட்டிலும் பாலிஎத்திலீனின் பெரும்பான்மைத் தகடுகள் உருகாமல் விறைத்து நிற்கின்றன. குடத்தை வெடிக்கவிட்ட அதே குணம் சாலையைத் தாங்குகிறது.

என்றாலும் சாலை என்பது பிளாஸ்டிக்கின் கடைசி வீடு. அங்கே போனது திரும்பி வராது. பிரிக்க முடிந்ததைப் பிரித்துக் குடத்தை மறுபடி குடமாக்குவதே முதல் மரியாதை என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பெரிய தடை, பாலிஎத்திலீனையும் பாலிபுரொப்பிலீனையும் எந்திரம் எளிதில் பிரிக்க முடியாததுதான். தண்ணீர் பாட்டிலைத் துண்டாக்கித் தொட்டியில் போட்டால் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் அடர்த்தி 1.38, அடியில் போய்விடும், மூடி மிதக்கும். ஆனால் பாலிபுரொப்பிலீன் 0.90, கெட்டிப் பாலிஎத்திலீன் 0.95. இரண்டும் மிதக்கும். சேர்ந்தே அள்ளப்படும், சேர்ந்தே உருகும், ஆறியதும் உடையும்.

2017-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கோட்ஸ், மினசோட்டாவின் ஃபிராங்க் பேட்ஸ் இருவரின் குழுக்கள் சயின்ஸ் இதழில் இதற்கு ஒரு வழி காட்டின. பாலிஎத்திலீன் கொஞ்சம், பாலிபுரொப்பிலீன் கொஞ்சம், மறுபடி அது, மறுபடி இது என்று நான்கு கட்டங்களாக ஒரே சங்கிலியைக் கட்டினார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே போதும். ஆறும்போது இந்தச் சங்கிலியின் நெளிவுப் பகுதி பாலிஎத்திலீன் தகட்டுக்குள் நுழைந்துகொள்கிறது. முறுக்குப் பகுதி பாலிபுரொப்பிலீன் தகட்டுக்குள் நுழைந்துகொள்கிறது. பாலமே இல்லாத எல்லையில் தையல் விழுகிறது. சற்றே நீள்வதற்குள் உடைந்த கலவை, பல மடங்கு நீண்டு கொடுத்தது. படிகமாவதால் பிரிந்ததைப் படிகமாவதைக் கொண்டே தைத்திருக்கிறார்கள். இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தத் தையல்சங்கிலி எங்கள் சாலையோரக் கடைவரை இன்னும் வந்து சேரவில்லை. போன கோடையில் அம்மாவின் குடம் ஒன்று விரிந்தது. நானே எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறார். குடத்தின் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். விளிம்பிலிருந்து ஒரு சில்லை ஒடித்துத் தரையில் தட்டினார். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். இடது பக்கக் குவியலில் எறிந்தார்.